உச்சிப்புளி, மண்டபம் பக்கம் போஸ்டிங்கா? வாடகை வீட்டிலும் குவார்ட்டர்ஸிலும் கரண்ட் பில்லைச் சமாளிக்கும் வழி

உச்சிப்புளி கடற்படை விமானத் தளத்துக்கோ மண்டபம் கடலோரக் காவல்படை நிலையத்துக்கோ மாற்றல் வந்ததும் எல்லாக் குடும்பமும் கேட்பது இரண்டு கேள்வி. பிள்ளைக்குப் பள்ளி எங்கே? குவார்ட்டர்ஸ் எப்போது? கரண்ட் பில் யார் பெயரில் வரும், யார் ரீடிங் எடுப்பார்கள், ஊரை விட்டுப் போகும்போது யார் கணக்கு முடிப்பார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. முதல் கோடை முடிந்து காகிதம் கைக்கு வரும்போதுதான் அது ஒரு விஷயமென்றே தெரிகிறது.

நாங்கள் முதலில் உச்சிப்புளிப் பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம், பிறகு குவார்ட்டர்ஸ். இரண்டு இடத்திலும் அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். என் கணவர் பணியில் இருப்பவர். வீட்டு நிர்வாகமும் அலுவலக அலைச்சலும் என் பங்கு. உங்கள் வீட்டில் இது தலைகீழாக இருக்கலாம், முறை ஒன்றுதான்.

1. வந்து இறங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

மாற்றல் உத்தரவின் நகல் நான்கைந்து. இருவரின் ஆதார். பாஸ்போர்ட் அளவு போட்டோ. திருமணமும் பிள்ளைகளின் பெயரும் சர்வீஸ் ரெக்கார்டில் ஏறியிருக்கிறதா என்று பழைய ஊரிலேயே பார்த்துவிடுங்கள். ஏறவில்லை என்றால் குவார்ட்டர்ஸ் வரிசையில் பெயர் சேர்ப்பதே தள்ளிப்போகும். இங்கே வந்தபின் பழைய யூனிட்டுக்குக் கடிதம் எழுதிக் காத்திருப்பது பெரும்பாடு.

பழைய குவார்ட்டர்ஸைக் காலி செய்த அறிக்கையும் அங்கே பாக்கி இல்லை என்ற சான்றும் கட்டாயம் வேண்டும். தொலைத்துவிட்டால் பழைய ஊரின் பிடித்தம் புதிய ஊரிலும் தொடரும். ஒரே நேரத்தில் இரண்டு வீட்டுக்குப் பணம் போகும், சம்பளச் சீட்டைப் பார்க்காதவருக்கு அது தெரியவும் தெரியாது.

வீட்டு ஓனர்கள் அடையாள அட்டை கேட்பார்கள். ராணுவத்தான் என்று சொல்லி வாடகைக்கு வீடு பார்ப்பதுபோல் நடித்துப் பணம் பறிக்கும் போன் மோசடிகள் நாடெங்கும் நடந்திருப்பதால் அவர்கள் பயப்படுவதில் தப்பில்லை. அதற்காகச் சர்வீஸ் அடையாள அட்டையை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள், அது கூடாது. ஆதார் நகலும், இந்த யூனிட்டில் பணிபுரிகிறார் என்ற ஒரு கடிதமும் போதும். நேரில் போய்க் கணவரையும் பிள்ளைகளையும் காட்டினாலே பாதிச் சந்தேகம் தீரும்.

2. வாடகை வீடு: வாடகையைப் பேசுமுன் மீட்டரைப் பாருங்கள்

குவார்ட்டர்ஸ் உடனே கிடைக்காது. கிடைக்கும் வரை உச்சிப்புளி, பெருங்குளம், மண்டபம், தங்கச்சிமடம் என்று எங்காவது வாடகைக்கு இருக்கத்தான் வேண்டும். இராமநாதபுரம் டவுனில் இருந்துகொண்டு ரயிலிலோ பஸ்ஸிலோ வருகிறவர்களும் உண்டு. ஹெச்.ஆர்.ஏ. (சம்பளத்தோடு வரும் வீட்டு வாடகைப் படி) கணக்கில் இந்தப் பகுதி 'இசட்' வகை, அதாவது இருப்பதிலேயே குறைந்த விகிதம். ஆகவே வாடகையும் கரண்டும் சேர்த்து என்ன ஆகும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். வாடகை ஐந்நூறு ரூபாய் குறைவு என்று சந்தோஷப்பட்டு கரண்டில் ஆயிரத்தைந்நூறு கூடுதலாகக் கட்டும் வீடுகள் இங்கே நிறைய.

வீடு பார்க்கப் போனதும் கேட்க வேண்டியது: "இந்த வீட்டுக்குத் தனி ஈ.பி. சர்வீஸ் இருக்கா, சப்-மீட்டரா?"

ஏன் கேட்க வேண்டும் என்றால், தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. 2024 ஜூலை கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. 500-ஐத் தாண்டிவிட்டால் 2.35 என்ற சலுகை அடுக்கு காணாமல் போய்விடும்: 101 முதல் 400 வரை எல்லாமே 4.70, பிறகு 6.30, 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45, 801 முதல் 1,000 வரை 10.50, அதற்கு மேல் 11.55.

இப்போது ஒரு சிறு குடும்பம் இரண்டு மாதத்தில் 300 யூனிட் செலவழிக்கிறது என்று வையுங்கள்.

தனி சர்வீஸ் இருந்தால்: 705 ரூபாய்.

ஓனர் தன் இணைப்பிலிருந்தே கரண்ட் கொடுத்து, அதை அளக்க சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வாங்கினால்: 2,400 ரூபாய்.

ஓனரும் நீங்களும் ஒரே சர்வீஸில் ஆளுக்கு 300 எரித்து, வந்த பில்லைப் பாதியாகப் பிரித்தால்: மொத்தம் 600 யூனிட்டுக்கு 2,880 ரூபாய், உங்கள் பங்கு 1,440. எரித்தது அதே 300 யூனிட், கொடுப்பது இருமடங்கு. அரசு தரும் இலவச 100 யூனிட்டும் இரண்டு குடும்பத்துக்குப் பாதிப்பாதி.

எங்கள் முதல் வீடு அந்த 8 ரூபாய் வகை. சப்-மீட்டரில் ஓடியதற்கெல்லாம் ஒரே விலை, இலவசம் என்ற பேச்சே கிடையாது. கேட்டபோது, "எல்லா வீட்டிலயும் இதானம்மா வழக்கம்" என்றார் ஓனர். வழக்கமேதான், அதில் பொய்யில்லை. ஆனால் குடியேறிய பிறகு கேட்டால் பேச்சு வளரும், முன்பணம் கொடுக்குமுன் கேட்டால் பேரம் நடக்கும். தனி சர்வீஸ் உள்ள வீட்டுக்கு வாடகை கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் அதையே எடுங்கள். கிடைக்கவில்லை என்றால், "பில்லில் வரும் தொகையை யூனிட் விகிதப்படி பிரிப்போம்" என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

மாடிப்படி விளக்கு, பொது மோட்டார், வாசல் விளக்கு யார் மீட்டரில் ஓடுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். சோதிப்பது சுலபம். உங்கள் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டருக்குப் போங்கள். மீட்டரில் சிவப்புப் பொட்டு விளக்கு விட்டுவிட்டு மினுங்கினால் வேறு யாருக்கோ உங்கள் கணக்கில் கரண்ட் போகிறது. பக்கத்துப் போர்ஷனின் மோட்டார் நம் மீட்டரில் ஓடுவது இங்கே அதிசயமில்லை. வேண்டுமென்று செய்ததாக இருக்காது, எலக்ட்ரீசியன் கிட்ட இருந்த ஒயரில் கோத்துவிட்டுப் போயிருப்பார்.

3. ஒப்பந்தத்தில் இந்த நான்கு வரி இருக்கட்டும்

பதினொரு மாத ஒப்பந்தம், முத்திரைத்தாள், இரண்டு சாட்சி என்பது எல்லாருக்கும் தெரியும். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. தகராறு என்று வந்தால் ஓனர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் அந்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

கரண்டுக்கென்று எழுத வேண்டியவை: சர்வீஸ் எண், குடியேறிய நாளின் ரீடிங், கட்டணத்தை யார் எப்படிக் கட்டுவது, இடையில் காலி செய்தால் கடைசி ரீடிங்கை வைத்துக் கணக்கு எப்படி முடிப்பது. நாலாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நம் குடும்பங்களுக்கு அதுதான் முக்கியம். குவார்ட்டர்ஸ் உத்தரவு மாதத்தின் எந்தத் தேதியிலும் வரும், ஈ.பி. கணக்கெடுப்பு அதற்காகக் காத்திருக்காது. "காலி செய்யும் நாள் வரையிலான யூனிட்டுக்கு அடுத்த பில்லின் சராசரி விலை" என்று ஒரு வரி போதும். அது இல்லாவிட்டால் முன்பணத்தில் ஒரு தொகையைக் குத்துமதிப்பாகப் பிடித்துக்கொள்வார்கள்.

4. ஈ.பி. கணக்கில் உங்கள் போன் எண்ணை ஏற்றுங்கள்

இணைப்பு ஓனர் பெயரிலேயே இருக்கும், மாற்ற வேண்டியதில்லை. பில் விவரம் உங்களுக்கு வர வேண்டும், அவ்வளவுதான். ஓனரிடம் சொல்லி உங்கள் செல் எண்ணைப் பதியச் செய்தால் ரீடிங் எடுத்ததும் குறுஞ்செய்தி வரும். முடியாது என்றால் சர்வீஸ் எண்ணை வாங்கி மின்வாரிய இணையதளத்திலோ செயலியிலோ நீங்களே பார்த்துக் கட்டலாம். வெள்ளை அட்டை வீட்டில் இருந்தால் ரீடிங்கை அதில் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

சிக்கல் வரும் இடங்கள்:

கதவு பூட்டியிருந்தால். ஏப்ரல், மே மாதத்தில் பிள்ளைகளோடு ஊருக்குப் போய்விடுவோம், மீட்டர் கேட்டுக்கு உள்ளே இருக்கும். கணக்கெடுக்க வந்தவர் பூட்டைப் பார்த்துவிட்டு 'டோர் லாக்' போட்டுப் போவார். பழைய செலவை வைத்து ஒரு தொகை வரும். அடுத்த முறை சரிக்கட்டப்படும் என்றாலும் கையிலிருந்து போவது இப்போதுதானே. பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுங்கள், அல்லது மீட்டரை வெளியே தெரியும்படி வைக்க ஓனரிடம் கேளுங்கள்.

கணக்கெடுப்பு தள்ளிப்போனால். 60 நாளில் வர வேண்டியவர் 66-ஆம் நாள் வந்தால் அந்த ஆறு நாள் யூனிட் உங்களை 500-க்கு மேல் தள்ளிவிடலாம். எனவே காலண்டரில் ரீடிங் தேதியைக் குறியுங்கள், அந்த நாளில் நீங்களும் ஒரு ரீடிங் எழுதி வையுங்கள். பிரிவு அலுவலகத்தில் பேசுவதற்குத் தேதியும் எண்ணும் வேண்டும். "எப்பவும் இவ்வளவு வராது சார்" என்பதை அவர்கள் நாள் முழுக்கக் கேட்கிறார்கள்.

"இன்றிரவு 9.30-க்கு உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள்" என்று வரும் செய்தி. அது ஈ.பி. அல்ல, திருட்டு. எண்ணை அழைக்காதீர்கள், அவர்கள் சொல்லும் செயலி எதையும் இறக்காதீர்கள். கப்பலிலோ இரவுப் பணியிலோ கணவர் இருக்கும்போது பதற்றத்தில் பணம் அனுப்பிய குடும்பங்களை எனக்குத் தெரியும். சந்தேகம் என்றால் மின்னகம் 94987 94987-க்குப் பேசுங்கள், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். ரீடிங் எடுத்த நாளிலிருந்து கட்டுவதற்கு 20 நாள் அவகாசம் உண்டு.

மீட்டரே தப்பாக ஓடுகிறது என்று தோன்றினால் சோதிக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம், அதற்குக் கட்டணம் உண்டு. முதலில் மேலே சொன்ன மெயின் சுவிட்ச் சோதனையைச் செய்துவிட்டு எழுதுங்கள். பெரும்பாலும் மீட்டர் சரியாகத்தான் இருக்கும், ஒயரிங்தான் தப்பு.

5. குவார்ட்டர்ஸ் கிடைத்ததும்: மார்ச்சிங் இன் நாளை அவசரப்படுத்தாதீர்கள்

குவார்ட்டர்ஸ் ஒதுக்கியதும் ஹெச்.ஆர்.ஏ. நின்றுவிடும். ஓனருக்கு முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஒரு மாதம் வாடகையும் போய், ஹெச்.ஆர்.ஏ.வும் இல்லாமல் நிற்பீர்கள். வரிசையில் உங்களுக்கு முன்னால் மூன்று நான்கு பேர்தான் என்று தெரிந்ததுமே ஓனர் காதில் போட்டு வையுங்கள். வீடு பிடிக்கவில்லை என்று மறுக்க நினைத்தால், அதற்கு என்ன விளைவு என்பதை யூனிட் அலுவலகத்தில் கேட்டுவிட்டு மறுங்கள்.

இங்கே ஈ.பி. ஆள் வரமாட்டார். வீட்டைப் பராமரிப்பதும் கரண்ட், தண்ணீருக்குக் கணக்குப் போடுவதும் எம்.ஈ.எஸ்., அதாவது ராணுவப் பொறியியல் சேவை. அதில் பில் போடும் இடம் பி.எஸ்.ஓ. அலுவலகம், விரித்துச் சொன்னால் பேரக் ஸ்டோர்ஸ் ஆபீசர். நீங்கள் வீட்டுக்குள் போன தேதி அங்கே பதிவாகும், அன்றிலிருந்து கணக்கு ஓடும். பில்லில் வருபவை உரிமக் கட்டணம் (பதவியைப் பொறுத்து இருக்கும், இல்லாமலும் போகும்), கட்டில் மேசைக்கான ஃபர்னிச்சர் வாடகை, தண்ணீர், கரண்ட். எல்லாம் சேர்ந்து சம்பளத்தில் பிடிக்கப்படும்.

மார்ச்சிங் இன் அன்று, அதாவது வீட்டைப் பொறுப்பேற்கும் நாளில், எம்.ஈ.எஸ். ஆள் ஒரு பட்டியலோடு வருவார். ஃபேன் எத்தனை, டியூப்லைட் எத்தனை, குழாய், கண்ணாடி, கதவுத் தாழ்ப்பாள் வரை அதில் இருக்கும். "சைன் பண்ணுங்க மேடம், எல்லாம் சரியா இருக்கு" என்பார். உடனே போடாதீர்கள். ஒவ்வொரு அறையாக நடந்து, ஓடாத ஃபேன், உடைந்த சுவிட்ச், ஒழுகும் ஃப்ளஷ் டாங்க், துருப்பிடித்த ஜன்னல் கம்பி என்று எல்லாவற்றையும் பட்டியலின் ஓரத்திலேயே எழுதச் சொல்லி, அவர் கையெழுத்தையும் வாங்குங்கள். எழுதாமல் விட்டது காலி செய்யும்போது 'பேரக் டேமேஜ்' என்ற பெயரில் உங்கள் தலையில் விழும். கடலோரத்தில் இரும்பு எதுவும் நிற்காது. முன்னால் இருந்தவர் காலத்துத் துருவுக்கு நீங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்?

பட்டியலில் மீட்டர் எண்ணும் அன்றைய ரீடிங்கும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுத வையுங்கள். முந்தைய குடும்பம் காலி செய்த நாளுக்கும் நீங்கள் வந்த நாளுக்கும் நடுவே பெயின்டரும் வெல்டரும் மோட்டார் போட்டு எரித்த யூனிட் எல்லாம் அந்த ரீடிங்கில்தான் அடைபடும்.

வெளி வீட்டில் மீட்டரைப் போனில் படமெடுத்து வைக்கலாம். தளத்துக்குள் போட்டோவுக்குக் கட்டுப்பாடு உண்டு, கேட்காமல் எடுக்காதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, ரீடிங், எழுதியவர் கையெழுத்து. மாதத்தின் ஒரே தேதியில் எழுதுங்கள்.

6. குவார்ட்டர்ஸ் பில்லைப் படிப்பது

மேலே சொன்ன 100 யூனிட் இலவசம், 500 எல்லை எல்லாம் வெளியே தனி சர்வீஸ் உள்ள வீட்டுக்கு. குவார்ட்டர்ஸுக்கு எம்.ஈ.எஸ். மொத்தமாகக் கரண்ட் வாங்கி வீடு வீடாகப் பிரித்துக் கொடுக்கிறது, விலையும் அவர்கள் விகிதப்படி. ஆகவே ஈ.பி. அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு பில் தப்பு என்று சண்டைக்குப் போகாதீர்கள். வந்த முதல் வாரத்திலேயே பி.எஸ்.ஓ. அலுவலகத்தில் மூன்று விஷயம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்: நடப்பு யூனிட் விலை என்ன, உங்கள் பதவிக்குச் சலுகை யூனிட் ஏதும் கழிக்கப்படுகிறதா, தண்ணீருக்கு மீட்டரா மொத்தத் தொகையா.

பிறகு மாதாமாதம் சம்பளச் சீட்டை நோட்டோடு ஒப்பிடுங்கள். பில் சில மாதம் வராமல் தங்கி, பிறகு நிலுவையாகச் சேர்ந்து ஒரே மாதத்தில் பிடிபடுவது உண்டு. பள்ளிக் கட்டண மாதமாகப் பார்த்து அது வரும்! பிடித்தம் இல்லாத மாதத்தை லாபம் என்று நினைக்காமல் அந்தத் தொகையை ஒதுக்கி வையுங்கள். மீட்டர் ஓடவில்லை என்று தெரிந்தால் அன்றே புகார்ப் புத்தகத்தில் எழுதுங்கள். ஓடாத மீட்டருக்கு சராசரிக் கணக்குத்தான் போடுவார்கள், அந்தச் சராசரி கோடை மாதங்களை வைத்து எடுத்ததாக இருந்தால் நஷ்டம் உங்களுக்கு.

7. இந்தக் கடலோரத்தில் கரண்ட் எங்கே போகிறது

"விளக்கை அணையுங்கள்" என்று எல்லாரும் சொல்வார்கள். அணையுங்கள், நல்லதுதான். ஆனால் எல்.இ.டி. பல்பு எரிப்பதே 9 வாட். இங்கே பணம் போவது ஃபேன், ஏ.சி., தண்ணீர் மோட்டார், ஃபிரிட்ஜ் ஆகியவற்றில்.

ஃபேன்தான் முதலில். வருஷத்தில் பெரும்பகுதி இரவும் பகலும் ஓடுகிறது. பழைய ஃபேன் சுமார் 75 வாட், குறைந்த கரண்டில் ஓடும் புது வகையான பி.எல்.டி.சி. ஃபேன் முழு வேகத்தில் 30 வாட் சுற்றுவட்டாரம். மூன்று ஃபேன், நாளுக்கு 16 மணி நேரம், 60 நாள் என்று போட்டால் பழையது 216 யூனிட், புதியது 86. மிச்சம் 130.

வாடகை வீட்டில் ஒரு கோடை பில்லை எடுத்துக்கொள்வோம்: பழைய ஃபேன் மூன்று, ஃபிரிட்ஜ், மோட்டார், டிவி, மிக்ஸி எல்லாம் சேர்த்து 360 யூனிட், ஏ.சி. 300. மொத்தம் 660, தொகை 3,447 ரூபாய். ஃபேனை மட்டும் மாற்றினால் 530 யூனிட், 2,292 ரூபாய். இன்னும் ஒரு 30 யூனிட்டைக் குறைத்து 500-இல் நிறுத்திவிட்டால் 1,805. கடைசி 30 யூனிட்டின் விலை 487 ரூபாய்! ஏ.சி.க்கு டைமர் வைத்து விடியற்காலை ஒரு மணி நேரம் முன்னால் அணைத்தாலே 60 நாளில் அந்த 30-க்கு மேல் கிடைத்துவிடும். 45-ஆம் நாள் மீட்டரைப் பாருங்கள். 380-ஐத் தாண்டியிருந்தால் மீதிப் பதினைந்து நாளில் இஸ்திரியையும் ஏ.சி.யையும் கொஞ்சம் கட்டிப் பிடியுங்கள்.

பி.எல்.டி.சி. ஃபேன் ஒன்று சுமார் 3,000 ரூபாய். அடுத்த போஸ்டிங்குக்குக் கழற்றி எடுத்துப் போகலாம் என்பதால் வாங்கலாம் என்பேன். இரண்டு எச்சரிக்கை. ரெகுலேட்டர் வழியாக இணைக்கக் கூடாது, நேரடி சுவிட்சில் கொடுக்க வேண்டும். குவார்ட்டர்ஸில் இருக்கும் ஃபேன் பட்டியலில் உள்ள பொருள். அனுமதி கேட்டுக் கழற்றி, அட்டைப்பெட்டியில் பத்திரமாக வைத்து, போகும்போது அதையே மாட்டிக் கொடுக்க வேண்டும். பரணில் போட்ட ஃபேனை எலி கடித்தால் அதற்கும் டேமேஜ் உண்டு.

ஏ.சி.யை 24 டிகிரியில் வையுங்கள், மேலே ஃபேனையும் ஓடவிடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. ஆனால் இங்கே டிகிரியைவிட உப்புதான் பெரிய எதிரி. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மணலையும் உப்பையும் கொண்டுவந்து வெளி யூனிட்டின் மடிப்புகளில் அப்பிவிடும். சூட்டை வெளியே விட முடியாமல் கம்ப்ரசர் அதிக நேரம் ஓடும். மாதம் ஒருமுறை சுவிட்சை அணைத்து நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். போர் தண்ணீரால் கழுவினால் உப்பின் மேல் உப்பு பூசுகிற கதைதான். புதிதாக வாங்குகிறவர்கள் செம்புக் காயிலும் உப்பரிப்பைத் தாங்கும் பூச்சும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர்ச் செலவும் கரண்ட் செலவும் இங்கே ஒன்றோடொன்று பின்னியவை. குடிக்கக் காவிரித் தண்ணீர் முறை வைத்து வரும், அதைத் தொட்டியில் பிடித்து மோட்டாரில் ஏற்ற வேண்டும். புழங்குவதற்குப் பல இடத்தில் உவர்ப்புப் போர்தான். ஒரு ஹெச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட்டிலிருந்து ஒரு யூனிட். உப்பு அடைத்த குழாயில் அதே தொட்டி நிரம்ப இருமடங்கு நேரமாகும். ஃபுட் வால்வையும் ஃப்ளஷ் டாங்க் ஒழுகலையும் சரிசெய்தால் மோட்டார் நேரம் குறைவது கண்ணுக்குத் தெரியும். ஆர்.ஓ. வைத்திருந்தால் கழிவாகப் போகும் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கப் பயன்படுத்துங்கள். செடிக்கு ஊற்றாதீர்கள், ஏற்கெனவே உப்பு மண்.

ஃபிரிட்ஜின் கதவு ரப்பரில் ஒரு ரூபாய் நோட்டைச் சொருகி மூடுங்கள். இழுத்தால் சுலபமாக வந்தால் ரப்பர் போய்விட்டது. கீசர் இங்கே தேவையே இல்லை என்பது என் கட்சி. மார்கழியில் ஒரு அடுப்பு வெந்நீர் போதும்.

ஸ்விட்ச் போர்டில் பச்சை பூத்தாலோ பிளக் தொட்டால் சுட்டாலோ தள்ளிப்போடாதீர்கள். உப்புக் காற்றில் முனைகள் அரித்து, தளர்ந்து, சூடாகின்றன. கரண்ட் வீணாவது ஒருபுறம், ஷாக்கும் தீயும் மறுபுறம். வாடகை வீட்டில் இ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) இல்லை என்றால் ஓனரிடம் கேட்டுப் போடுங்கள், எர்த் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கூரை சோலாருக்கு மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் உண்டு. அது சொந்த வீடும் சொந்தக் கூரையும் உள்ளவருக்கு. ஓனருக்குச் சொல்லிப் பாருங்கள். நமக்கு இப்போதைக்கு இல்லை.

8. ஊரை விட்டுக் கிளம்பும்போது

மாற்றல் உத்தரவு வந்த வாரமே பி.எஸ்.ஓ. அலுவலகத்தில் காலி செய்யும் தேதியைச் சொல்லிவிடுங்கள். மார்ச்சிங் அவுட்டுக்கு ஆள் வரத் தேதி கொடுப்பார்கள், லாரி வரும் தேதியும் அதுவும் முட்டிக்கொள்ளக் கூடாது. சாமான் ஏற்றியபின் வெறும் வீட்டில் சோதிப்பது நல்லது, ஆகவே இரண்டுக்கும் நடுவே ஒரு நாள் விடுங்கள். அதற்கு முன் பழைய ஃபேன்களை மாட்டுங்கள், ஆணி ஓட்டைகளை அடையுங்கள், ஃப்யூஸ் போன பல்பை மாற்றுங்கள். கடையில் ஐம்பது நூறு ரூபாயில் முடிவது பில்லில் கூடுதலாக வரும்.

கடைசி ரீடிங்கை காலி செய்த அறிக்கையில் எழுத வைத்து ஒரு நகல் வாங்குங்கள். அதை வைத்து இறுதி பில், பிறகு பாக்கி இல்லை என்ற சான்று. சான்று கையில் வராமல் கிளம்ப வேண்டியிருந்தால் யூனிட்டில் இருக்கும் நண்பர் ஒருவர் பெயரை எழுதிக் கொடுத்து, அவரை வாங்கச் சொல்லுங்கள். குடும்பம் மட்டும் பள்ளிக்காகத் தங்குவதானால் அனுமதியை எழுத்தில் முன்பே வாங்க வேண்டும். அனுமதித்த காலம் தாண்டினால் வரும் டேமேஜ் ரெண்ட் சாதாரண வாடகைபோல் இருக்காது.

வாடகை வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் ஓனரை மீட்டர் அருகே அழைத்து ரீடிங்கை இருவரும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஈ.பி. கணக்கில் ஏற்றிய உங்கள் போன் எண்ணை எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஊரிலும் அந்த வீட்டுப் பில் உங்களுக்கே வந்துகொண்டிருக்கும். புதிய ஊரில் முதல் மூன்று சம்பளச் சீட்டைப் பார்த்து, பழைய பிடித்தம் நின்றுவிட்டது என்று உறுதியாகும் வரை அந்த நாற்பது பக்க நோட்டையும் சான்றையும் லாரியில் ஏற்றாமல் கைப்பையில் வைத்திருங்கள்.